வேலி இல்லாத வேலி

தஞ்சாவூர்க்காரர் இருவர் சந்தித்துக்கொண்டால், "உங்களுக்கு எத்தனை வேலி?" என்று ஒருவர் மற்றவரைக் கேட்பது அந்தக் காலத்து வழக்கம். பக்கத்தில் நிற்கிற வெளியூர்க்காரருக்கு ஒன்றும் புரியாது. ஒரு மனிதன் தன் வீட்டைச் சுற்றி எத்தனை வேலிதான் போட்டுக்கொள்வான் என்று நினைப்பார். எங்கள் பக்கத்தில் வேலி என்றால் நிலம். 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. ஏக்கரில் சொன்னால் ஆறேமுக்காலுக்குச் சற்றுக் குறைவு. ஐந்து வேலி மிராசு, பத்து வேலி மிராசு என்று சொல்லித்தான் பெண் கேட்க வருவார்கள். தஞ்சாவூர் ஜில்லாவில் ஒன்பத்துவேலி என்று ஓர் ஊருக்கே பெயர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பத்து வேலிக்காரரின் வயலில் போய்ப் பார்த்தால் பேருக்கு ஒரு முள்ளுக்கூட இருக்காது. திருவையாற்றிலிருந்து கும்பகோணத்துக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் கவனித்திருக்கலாம். கார்த்திகை மாதத்தில் கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒரே பச்சை. எது யாருடையது என்று சொல்ல ஓர் அடி அகல வரப்பைத் தவிர வேறு அடையாளம் கிடையாது. அகராதியில் வேலி என்ற சொல்லுக்கு அடைப்பு என்றும் பொருள், நில அளவு என்றும் பொருள். நம் ஊரார் இரண்டாவதை வைத்துக்கொண்டு முதலாவதை விட்டுவிட்டார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. முதல் காரணம் தண்ணீர். காவேரி ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்காலுக்கும் வருகிற தண்ணீர், அதற்குப் பிறகு வயலுக்கு வயல் வழிந்துதான் போகிறது. மேல் மடைக்காரன் வயல் நிறைந்தால்தான் கீழ் மடைக்காரனுக்குக் கிடைக்கும். அவன் வயலுக்குள் இவன் கால் வைக்காமல் சாகுபடியே நடக்காது. இன்னொன்று, பல கிராமங்களில் நிலமே ஒருவருக்கு நிரந்தரம் இல்லை. சமுதாயக் கிராமங்கள் என்று பெயர். ஊர் நிலம் முழுவதும் பங்காளிகளுக்குப் பொது. சில வருஷங்களுக்கு ஒரு முறை கரையீடு செய்து, சீட்டுப் போட்டு, பங்குகளை மாற்றிக்கொள்வார்கள். நாளைக்குச் சித்தப்பா கைக்குப் போகப்போகிற வயலுக்கு இன்றைக்கு யார் செலவழித்து வேலி போடுவார்கள்?

அதற்காக எல்லை என்பதே கிடையாது என்று நினைத்துவிடக் கூடாது. எல்லை வகுப்பதற்குச் சோழர் காலத்தில் ஓர் அருமையான ஏற்பாடு இருந்தது. ஒரு பெண் யானையை நடக்கவிடுவார்கள்! லெய்டன் செப்பேடு என்று பெயர் பெற்ற ஆனைமங்கலம் செப்பேட்டில் இந்த விவரம் இருக்கிறது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு, ராஜராஜன் தனது 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006ஆம் ஆண்டையொட்டி, ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். நிலம் 97 வேலிக்குச் சொச்சம். நாட்டார் கூடி, பிடியை எல்லை நெடுகச் சுற்றி வரச் செய்து, அது நடந்த வழியில் கல்லும் கள்ளியும் நட்டார்கள். சுற்றுப்பட்ட ஊர்க்காரர்கள் சாட்சியாக வந்து கையெழுத்துப் போட்டார்கள். என் மனத்தைக் கவர்ந்தது யானைகூட இல்லை, அந்தக் கையெழுத்துக்கள்தான். இந்தப் பக்கத்து எல்லையை அந்தப் பக்கத்தில் இருப்பவன் ஒப்புக்கொண்டாலொழிய அது எல்லை ஆகாது என்ற நினைப்பு அதில் இருக்கிறது.

பெரிய கோவில் கல்வெட்டுக்களும் இதே மாதிரிதான். கோவிலுக்கு விட்ட ஊர்களை வேலிக் கணக்கில் அளந்து, முந்திரி, கீழ்முந்திரி என்று கண்ணுக்குத் தெரியாத பின்னம் வரை போகிறார்கள். ஒரு வேலியில் 320இல் ஒரு பங்கு முந்திரி. அந்த முந்திரியில் 320இல் ஒரு பங்கு கீழ்முந்திரி. கை அகல நிலத்தைக்கூட விடாத இந்தக் கணக்கர்கள், வரி போடுமுன் ஒரு காரியம் செய்கிறார்கள். ஊர் நத்தம், கோவில், குளம், ஊடே போகிற வாய்க்கால், கன்று மேய்கிற தரிசு, கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அதையெல்லாம் நீக்கிவிட்டு மிச்சத்தைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். அந்தப் பட்டியலில் சேரி தனியாக நிற்பதைப் பார்த்து நாம் பெருமைப்பட ஒன்றும் இல்லை. வயலுக்குப் போடாத வேலியை மனிதருக்குப் போட்டிருந்தோம் என்பதற்குக் கல்லில் வெட்டிய சாட்சி அது. ஆனாலும், செத்தவனுக்குப் போக ஒரு வழியும், கன்றுக்கு மேய ஓர் இடமும், தண்ணீர் ஓட ஒரு பாதையும் வேண்டும் என்பதை மறக்காமல் எழுதி வைத்தார்களே, அதையும் சொல்ல வேண்டும்.

வேலி இல்லாத ஊரில் பயிரைக் காப்பது மனிதனுடைய பொறுப்பு. பாடிகாவல் என்று ஒரு வரியே கல்வெட்டில் வருகிறது. பிற்காலத்தில் தலையாரிக்கும் காவல்காரனுக்கும் களத்திலேயே நெல் அளந்து கொடுத்தார்கள். மாட்டுக்கு வேலி இல்லை, அடையாளம் உண்டு. திருத்துறைப்பூண்டிப் பக்கத்து உம்பளச்சேரி மாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காளைக்குக் கொம்பைத் தீய்த்து மொட்டையாக்கி, காதைக் கத்தரித்து, உடம்பில் சூடு போட்டிருப்பார்கள். 1871இல் வெள்ளைக்காரன் கால்நடை அத்துமீறல் சட்டம் கொண்டுவந்தான். பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்து 24 மணி நேரத்துக்குள் பவுண்டில் கட்டலாம்; அபராதமும் தீனிச் செலவும் கட்டி மீட்க வேண்டும்; கேட்பாரில்லாத மாடு ஏலத்துக்குப் போகும். கொண்டி மாடு என்று கிராமத்தில் வைவார்களே, அந்த மாட்டுக்குக் கடைசியில் கிடைத்த ஜெயில் அது.

அறுவடை ஆனதும் கதையே தலைகீழ். வெளி ஆட்டை நாமே வருந்தி அழைப்போம். ராமநாதபுரத்துச் சீமையிலிருந்து கீதாரிகள் நூற்றுக்கணக்கான ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசி வயலில் கிடை போடச் சொல்வார்கள். சாணத்துக்காகத்தான். மறுநாள் கிடை அடுத்த வயலுக்கு நகரும். தஞ்சாவூர் வயலில் கூலி கொடுத்து யாராவது அடைப்புப் போட்டார்கள் என்றால் அது இந்த நடமாடும் அடைப்பு ஒன்றுதான்.

கொங்கு நாட்டில் வேறு மாதிரி. காங்கேயம் பக்கம் கொரங்காடு என்று சொல்லும் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி முள்கிளுவைப் போத்துக்களை நட்டு உயிர் வேலியாக வளர்ப்பார்கள். மாட்டை உள்ளே விட்டுக் கடவை அடைத்தால் ஆளே வேண்டாம். அது வானத்தை நம்புகிற பூமி. தண்ணீர் வயலுக்கு வயல் போக வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை.

எங்களிடமும் கொல்லைக்கு வேலி உண்டு. பூவரசு, கல்யாண முருங்கை, ஒதியங்கால், நடுவே மூங்கில் முள். வருஷா வருஷம் அதை அடைத்துக் கட்டியவர்கள் பண்ணையாட்கள். "அதுக்குத் தனியாக் கூலி ஏது? பண்ணை வேலையோடு வேலை" என்று என் தாத்தா சர்வ சாதாரணமாகச் சொல்லுவார். 1952இல் தஞ்சாவூர்ச் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளை நினைத்தபோது விலக்க முடியாது என்றது சட்டம். 1961இல் நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றார்கள். 1970இல் அதை 15 ஆக்கினார்கள். 15 ஏக்கர் என்றால் இரண்டேகால் வேலி. பத்து வேலி மிராசெல்லாம் சட்டப்படி அதோடு சரி. கொல்லை வேலியும் சிதைந்தது. வேலிக்கென்று வைத்த தென்னமெரிக்கச் செடி ஒன்று, நெய்வேலிக் காட்டாமணக்கு என்று இங்கே பெயர் வாங்கிக்கொண்டு, வாய்க்காலில் இறங்கித் தண்ணீரையே அடைத்தது. வேலியே பயிரை மேய்ந்ததை நம் கண்ணாலேயே பார்த்துவிட்டோம்.

முள்கம்பி பிறந்த கதையும் மாட்டிலிருந்துதான் தொடங்குகிறது. அமெரிக்காவின் புல்வெளிகளிலும் முன்பு வேலி கிடையாது; மாட்டுக்குச் சூடு போட்ட அடையாளந்தான், நம் உம்பளச்சேரியைப் போல. வேலி போட மரமும் இல்லை. இல்லினாய் மாகாணத்து டீகால்ப் ஊரில் ஜோசப் கிளிட்டன் என்ற விவசாயி 1874இல் முள்கம்பிக்குப் பேடன்ட் வாங்கினார். சில வருஷங்களுக்குள் டெக்ஸாஸில் பணக்காரர்கள் தங்கள் நிலத்தோடு, தங்களுடையதல்லாத குளம், பாதை எல்லாவற்றையும் வளைத்துவிட்டார்கள். 1883இல் ஏழை மாட்டுக்காரர்கள் ராத்திரியில் கத்தரியோடு கிளம்பினார்கள். மைல் மைலாகக் கம்பி அறுந்தது. மறு வருஷம் சட்டசபை கூடிக் கம்பியை வெட்டுவது பெருங்குற்றம் என்றது. அதே மூச்சில், பொதுப் பாதைக்குக் குறுக்கே வேலி போட்டவன் மூன்று மைலுக்கு ஒரு கதவு வைக்க வேண்டும் என்றும் சொன்னது. ராஜராஜனின் கணக்கர்கள் முதலிலேயே நீக்கி வைத்ததை, டெக்ஸாஸில் சண்டை போட்ட பிறகு நீக்கினார்கள்.

அந்தக் கம்பி இப்போது எங்கள் ஊருக்கும் வந்துவிட்டது. சாலையோரப் புளியமரங்களில் தகரப் பலகை அடித்து, வேலி அமைத்துத் தரப்படும் என்று போன் நம்பரோடு எழுதியிருக்கிறார்கள். சென்ற தை மாதம் சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகன் தன் ஓர் ஏக்கர் தென்னந்தோப்புக்கு வேலி போட ஆள் பார்க்கச் சொன்னான். வந்த காண்ட்ராக்டர் கெட்டிக்காரர். நல்ல தண்ணீர் நிலமா, உப்பு நிலமா என்று கேட்டார். உப்புக் காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்குமாம். மண்ணை உருட்டிப் பார்த்தார்.

"களிமண்ணு சார். சித்திரையில வெடிக்கும், ஐப்பசியில உப்பும். சும்மா நட்டா கல்லு சாஞ்சிடும். ரெண்டடி பள்ளம் எடுத்து அடியில கான்கிரீட் போட்டுடுவோம். எட்டடிக்கு ஒரு கல்லு, மூலைக்கு முட்டு. முள்கம்பின்னா ஒரு ரேட்டு, டைமண்டு வலைன்னா ஒரு ரேட்டு. ஆளுங்களுக்குச் சாப்பாடு உங்களோடதா, எங்களோடதா?"

கருங்கல் எங்கள் டெல்டாவில் ஏது? புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து லாரியில் வர வேண்டும். சுற்றளவு 880 அடி; 110 கல். கணக்கு முடிகிற சமயத்தில் தெற்குத் தெருப் பெரியவர் ஒருவர் வந்து நின்றார். எழுபது வயதுக்குக் குறையாது.

"தம்பி, வேலி போடறது உங்க இஷ்டம். ஆனா எங்க தெருவுல யாராச்சும் செத்தா இந்த மேலண்டை வரப்பு வழியாத்தான் தூக்கிக்கிட்டுப் போறோம். எங்க அப்பா, தாத்தா எல்லாம் இப்படித்தான் போனாங்க."

சர்வே படத்தை விரித்துப் பார்த்தேன். கல் இருந்தது, எல்லைக்கோடு இருந்தது, பாதை இல்லை. போனில் சித்தப்பா மகன், "சர்வே கல்லு எங்கே இருக்கோ அங்கேயே போடச் சொல்லுங்கண்ணா" என்றான். காண்ட்ராக்டர் போனைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"சார், கூலிக்கு வேலி போடறவன் சொல்றேன். பாதையை மறிச்சுப் போட்ட வேலி ரெண்டு இடத்துல ராத்திரியோட ராத்திரியா அறுந்து போச்சு. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

டெக்ஸாஸ் சமாசாரம் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. சிங்கப்பூரில் சிறிது நேரம் மௌனம். "சரி, ஊரோட ஒத்துப் போங்க" என்றான் கடைசியில்.

மறுநாள் காலை நாலு பக்கத்து வயல்காரர்களையும் வரச் சொன்னோம். யானை இல்லை. பெரியவர் முன்னால் நடந்தார். டேப்பைப் பிடித்துக்கொண்டு காண்ட்ராக்டர் பின்னால் போனார். மேற்கே நெடுக நாலடி உள்வாங்கிக் குச்சி அடித்தார்கள். காண்ட்ராக்டர் நோட்டுப் புத்தகத்தை எடுத்து 880ஐ அடித்துவிட்டு 872 என்று எழுதினார்.

"ஒரு கல்லு மிச்சம் சார்" என்றார்.