தவறிய வண்டியும் தாமதக் காப்புறுதியும்

ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் சங்கச் செயலாளர் கேட்டபோது, தங்கவயல் சுரங்கங்களின் வரலாற்றையே எழுதுவோம் என முதலில் எண்ணினோம். ஆனால் அதனை எம்மினும் கற்றோர் பன்முறை எழுதிவிட்டனர். நாமோ மெட்ரிக்குலேஷன் வரை படித்து, இருபது ஆண்டுகளாக ரயில்வேயில் எழுத்தராகக் காலங்கழித்து வருகின்றோம். எமக்குத் தெரிந்தவை பயணச்சீட்டும், கால அட்டவணையும், அவ்வட்டவணையை அவ்வப்போது பொய்யாக்கும் தாமதமுமே. எனவே தாமதத்தின் வரலாற்றையே எழுதத் துணிந்தோம். அதற்குக் காரணமான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு.

சென்ற ஆண்டு எம் காலனியில் சுரங்கத்தில் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இயற்கை எய்தினார். மூத்த மகன் வளைகுடா நாடொன்றில் பணியில் இருந்தார். செய்தி எட்டியதும் பம்பாய் வரை ஒரு விமானத்திற்கும், அங்கிருந்து பெங்களூருக்கு வேறொரு நிறுவனத்தின் விமானத்திற்கும் சீட்டுகள் வாங்கிப் புறப்பட்டார். முதல் விமானம் நான்கு மணி நேரம் தாமதித்தது. இரண்டாவது விமானம் இவர் வருமுன்னே பறந்துவிட்டது. மறுநாள் மாலை அவர் வீடு வந்து சேர்ந்தபோது, தம்பி கொள்ளி வைத்துக் காரியம் முடிந்திருந்தது. பதினாறாம் நாள் கழிந்த பின் ஒரு கட்டுக் காகிதத்துடன் அவர் எம் இல்லம் வந்தார்.

“அண்ணா, நீங்கள் ரயில்வேயில் இருப்பவர். என் கடன் அட்டையோடு விமானத் தாமதத்திற்கும், இணைப்பு விமானம் தவறியதற்கும் இன்ஷூரன்ஸ் உண்டென்று இதில் எழுதியிருக்கிறது. பணம் பெரிதல்ல. இது உண்மைதானா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்” என்றார்.

அன்றிரவு அக்காகிதங்களைப் படிக்கத் தொடங்கிய நாம், அவற்றின் வேரைத் தேடிப் போய் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு அப்பால் சென்று நின்றோம்.

பயணிக்கு இன்ஷூரன்ஸ் என்னும் எண்ணம் புகைவண்டியோடு பிறந்தது. 1849-ஆம் ஆண்டில் லண்டனில் ‘ரயில்வே பாசஞ்சர்ஸ் அஷூரன்ஸ் கம்பெனி’ என்ற நிறுவனம் தோன்றிற்று. பயணச்சீட்டு விற்கும் சன்னலிலேயே காப்புறுதிச் சீட்டும் விற்கப்பட்டது. முதல் வகுப்புப் பயணி மூன்று பென்ஸ் கொடுத்தால், விபத்தில் அவர் இறப்பின் குடும்பத்தாருக்கு ஆயிரம் பவுன். இரண்டாம் வகுப்பினர்க்கு இரண்டு பென்ஸ், ஐந்நூறு பவுன். மூன்றாம் வகுப்பினர்க்கு ஒரு பென்னி, இருநூறு பவுன். உயிருக்கும் வகுப்பு வாரியாக விலை கட்டிய காலம் அது! நம் நாட்டில் 2016 செப்டம்பரில் இணைய வழியே ரயில் சீட்டு எடுப்போர்க்கு 92 காசுக்குப் பத்து இலட்ச ரூபாய் விபத்துக் காப்புறுதி வந்தது. அதனைக் கண்டு புதுமை என வியந்தோர், சன்னலண்டை பென்னி கொடுத்த அந்த ஆங்கிலத் தொழிலாளியை அறியார். ஆனால் இவையாவும் உயிருக்கும் உடலுக்கும் ஏற்பட்ட காப்பே. காலத்திற்குக் காப்பு அன்று எங்கும் இல்லை.

காலம் தவறியதால் நட்டமடைந்தோர் நீதிமன்றத்தையே நாட வேண்டியிருந்தது. அவ்வழக்குகளுள் 1875-இல் தீர்ப்பான ஒன்று எம் உள்ளத்தை விட்டு அகலவில்லை. விம்பிள்டன் என்னும் ஊரிலிருந்து ஹாம்ப்டன் கோர்ட்டுக்குக் கணவனும் மனைவியும் இரு சிறு குழந்தைகளும் நள்ளிரவு வண்டியில் ஏறினர். வண்டி தடம் மாறி ஈஷர் என்ற வேறு நிலையத்தில் அவர்களை இறக்கிவிட்டது. தங்க விடுதி இல்லை. ஏறிச் செல்ல வண்டியும் கிடைக்கவில்லை. மழைத் தூறலில் நாலைந்து மைல் நடந்து, பின்னிரவில் வீடு சேர்ந்தனர். அம்மையார் குளிர்கொண்டு நோயுற்றார். ஜூரிகள், நடந்த துன்பத்திற்கு எட்டுப் பவுனும், நோய்க்கு இருபது பவுனும் வழங்கினர். ரயில்வேயோ மேல் மன்றம் சென்றது. எட்டுப் பவுன் சரியே. நோய் என்பது தடம் மாறிய வண்டிக்கு வெகு தொலைவில் நிற்கும் விளைவு, ஆகவே அதற்கு ரயில்வே பொறுப்பன்று என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தனர்.

அடுத்த ஆண்டே, 1876-இல், இணைப்பு வண்டி தவறிய வழக்கொன்றும் வந்தது. லிவர்ப்பூலிலிருந்து ஸ்கார்பரோ செல்லும் பயணி ஒருவர், முதல் வண்டி தாமதித்து அடுத்த வண்டிகளைத் தவறவிட்டதால், தமக்கென்றே தனி வண்டி ஒன்றை அமர்த்திச் சென்று, அச்செலவை ரயில்வேயிடம் கேட்டார். அவசர வேலை ஏதுமின்றிச் சற்று முன்னதாகப் போய்ச் சேர்வதற்காகத் தனி வண்டி பிடித்தல் நியாயமான செலவன்று. தம் சொந்தக் காசானால் அவர் அவ்வாறு செய்திருப்பாரா என்று கேட்டு, மேல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. இந்த இரு தீர்ப்புகளையும் அன்பர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகிறோம். இன்றைய கடன் அட்டைக் காகிதங்களில் ‘நியாயமான செலவு’, ‘நேரடி விளைவு’ எனப் பொடி எழுத்தில் காணப்படுபவற்றின் முன்னோர் இவர்களே.

இங்கிலாந்தில் இவ்வழக்குகள் நடந்தபோது நம் வயலில் சுரங்கத் தொழிலும் வளரவில்லை, ரயிலும் இல்லை. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் தண்டு வரை சென்னை ரயில்வேயின் பாதை 1864-இல் திறக்கப்பட்டது. ஜான் டெய்லர் கம்பெனியார் 1880-க்குப் பின் சுரங்கத் தொழிலை நிலைநாட்டவே, அக்காலத்தில் பவுரிங்பேட்டை எனப் பெயர் பெற்றிருந்த பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை கிளைப்பாதை 1894-இல் வந்தது. கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்ற நிலையப் பெயர்களைச் சொல்லும்போதே நம் பாட்டன்மார் வந்திறங்கிய காட்சி கண்முன் தோன்றும். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கமிருந்தும் மூட்டை முடிச்சுகளுடன் வந்த மக்கள், பங்காருப்பேட்டையில் இறங்கி, வண்டி மாறியே இவ்வயலை அடைந்தனர். இணைப்பு வண்டி என்பது நமக்குப் பிறவியிலேயே அமைந்த சொல்.

எம் பாட்டனார் பற்றி வீட்டில் வழங்கும் செய்தி ஒன்றுண்டு. அவர் அன்னை ஊரில் அபாய நிலையில் இருப்பதாகத் தந்தி வந்தபோது அவர் பூமிக்கடியில் இருந்தார். ஷிப்டு முடிந்து, கூண்டு மேலேறி, தந்தி கைக்கு வருமுன் மாரிக்குப்பம் வண்டி போய்விட்டது. அது போகவே, பங்காருப்பேட்டையில் பிடிக்க வேண்டிய சென்னை வண்டியும் போயிற்று. இரவெல்லாம் பங்காருப்பேட்டை மேடையில் துண்டை விரித்துக் கிடந்து, மறுநாள் ஊர் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அத்தாமதத்திற்கு எவர் மீதும் குற்றமில்லை. நட்ட ஈடு என ஒன்றிருக்கும் என்ற நினைவே அவருக்கு எழுந்திராது.

தாமதத்திற்கும் பொறுப்புண்டு என்று நாடுகள் கூடி எழுதியது விமானம் வந்த பின்னரே. 1929-இல் போலந்துத் தலைநகர் வார்சாவில் செய்த உடன்படிக்கை, விமானத் தாமதத்தால் விளையும் நட்டத்திற்கு நிறுவனமே பொறுப்பு என்றது. ஆயின், தேவையான முயற்சி யாவும் செய்தோம் என நிறுவனம் மெய்ப்பித்தால் விடுதலை உண்டு என்றும் உடனே எழுதி வைத்தது. இந்தியாவும் 1934-இல் இதனைச் சட்டமாக்கிற்று. 1999-இல் மான்ட்ரியல் உடன்படிக்கை இதன் இடத்தில் வந்தது. 2009-இல் நம் நாடு அதிற் சேர்ந்தது. ஐரோப்பிய நாடுகள் 2005 முதல் இன்னும் ஒருபடி மேலே சென்று, 250, 400, 600 யூரோ எனத் தொலைவுக்குத் தக்கபடி தொகையையே குறித்துவிட்டன. அங்கும் அசாதாரணச் சூழ்நிலை என்னும் விலக்கு உண்டு. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலை சாம்பலைக் கக்கி, ஐரோப்பிய வானத்தைப் பல நாட்கள் அடைத்தபோது, எரிமலைச் சாம்பல் ‘மோசமான வானிலை’ ஆகுமா ஆகாதா என்று சில இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தர்க்கம் செய்தன. நிலையத்தில் படுத்துக் கிடந்தவர்க்கு அது வானிலையா, பூமிநிலையா என்பதால் என்ன பயன்?

ரயில்வே பக்கம் வருவோம். வண்டி குறித்த நேரத்தில் வரும் என உறுதி கூறுவதில்லை, தாமதத்தால் வரும் நட்டத்திற்குப் பொறுப்பில்லை என்பது ரயில்வேயின் பழைய விதி. 2016 ஜூனில் அஜ்மீர் - ஜம்மு வண்டி ஏறக்குறைய நான்கு மணி நேரம் பிந்தியது. அதனால் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்ட குடும்பத்தினர் வாடகை மோட்டாரில் செல்ல நேர்ந்து, வழக்குத் தொடுத்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தாமதத்திற்குத் தக்க காரணம் காட்டி மெய்ப்பிக்காவிடில் ரயில்வே ஈடு தந்தே ஆக வேண்டும் என 2021 செப்டம்பரில் தீர்ப்பாயிற்று. மோட்டார்ச் செலவுக்கு 15,000, முன்பதிவு நட்டத்திற்கு 10,000, மன வேதனைக்கும் வழக்குச் செலவுக்கும் ஐயாயிரம் வீதம் ரூபாய் வழங்கப்பட்டது. ரயில்வேயின் உப்பைத் தின்னும் நாம் இதனை விரித்துரைத்தல் முறையன்று. எனினும் நியாயமான தீர்ப்பு என்றே கூறுவோம்.

ரயிலில் தாமதத்திற்கே ஈடு தரும் ஏற்பாடும் நம் நாட்டில் சிறிது காலம் இருந்தது. 2019 அக்டோபரில் லக்னோ - டில்லி தேஜஸ் வண்டி ஓடத் தொடங்கியபோது, ஒரு மணி நேரத்திற்கு மேல் தாமதித்தால் நூறு ரூபாயும், இரண்டு மணிக்கு மேல் தாமதித்தால் 250 ரூபாயும் பயணிக்கு உண்டு என அறிவித்தனர். அவ்வாறே வழங்கியும் வந்தனர். 2024 பிப்ரவரியோடு அது நிறுத்தப்பட்டது.

இனிக் கடன் அட்டை. 1950-இல் நியூயார்க்கில் உணவு விடுதிக் கணக்குத் தீர்க்க ‘டைனர்ஸ் கிளப்’ அட்டை பிறந்தது. இந்தியாவில் சென்ட்ரல் பாங்கு 1980-இல் தன் அட்டையை வெளியிட்டது. அட்டைகள் பெருகி, வங்கிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டபோது, வாடிக்கையாளரை ஈர்க்கும் பொருட்டுப் பயணக் காப்புறுதியை இனாமாகச் சேர்த்துத் தரலாயினர். முதலில் விபத்துக்கு, பின்னர் பெட்டி காணாமற் போனதற்கு, அதன் பின் தாமதத்திற்கும் இணைப்புத் தவறியதற்கும்.

இனாமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பர். இம்மாட்டை அவசியம் பார்க்க வேண்டும். இதில் காப்புறுதி ஒப்பந்தம் வங்கிக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் இடையே செய்யப்படுவது. அட்டைக்காரர் அதன் நிழலில் நிற்பவரே. ஆதலால் அடுத்த ஆண்டு வங்கி அதனை மாற்றலாம், எடுத்தும் விடலாம். பெரும்பாலான திட்டங்களில், பயணச்சீட்டின் கட்டணம் அந்த அட்டையிலேயே செலுத்தப்பட்டிருந்தால்தான் காப்பு உயிர் பெறும். தாமதம் இத்தனை மணிக்கு மேற்பட வேண்டும் என ஓர் எல்லை உண்டு. அது நான்கு, ஆறு, பன்னிரண்டு மணி எனத் திட்டத்துக்குத் திட்டம் மாறும். ஈடு பெரும்பாலும் கைக்காசாக வராது. உணவு, விடுதி முதலியவற்றிற்கு நாம் செய்த நியாயமான செலவே, ரசீது காட்டினால், ஒரு வரம்பு வரை திரும்பும். தாமதத்தையும் அதன் காரணத்தையும் குறித்து விமான நிறுவனம் எழுதித் தரும் சான்றும் வேண்டும். ஊர் திரும்பிய பின் அதனைப் பெறுவது எளிதன்று. நிலையத்திலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும். இணைப்பு என்பதற்கோ, இரு விமானங்களுக்கிடையே விதித்த நேரமாவது இருக்கும்படி சீட்டு வாங்கியிருக்க வேண்டும் என்பர். இரு பயணமும் ஒரே சீட்டில் பதிவாகியிருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் கடமை பெரும்பாலும் விமான நிறுவனத்தையே சாரும். தனித்தனிச் சீட்டானால் முதல் நிறுவனம் “எமக்குத் தெரியாது” என்னும். இரண்டாம் நிறுவனம் “நீர் வரவில்லை” என்னும்.

எம் காலனி நண்பரின் காகிதங்களை இவ்வளவும் அறிந்த பின் மீண்டும் பார்த்தோம். அவர் திட்டத்தில் தாமத எல்லை ஆறு மணி. அவர் விமானம் தாமதித்ததோ நான்கு மணி. இரண்டாவது சீட்டை அவசரத்தில் அறை நண்பர் ஒருவர் தம் அட்டையில் வாங்கிக் கொடுத்திருந்தார். எனவே இணைப்புப் பிரிவும் பொருந்தவில்லை. பம்பாய் நிலையத்தில் உண்டதற்கும் புதுச் சீட்டுக்கும் அவர் ரசீது வைத்திருந்தும் பயனில்லாது போயிற்று. அதனை அவரிடம் சொல்ல எமக்கு நா எழவில்லை. அவரே, “உண்மைதான், ஆனால் எனக்கு இல்லை என்கிறீர்கள்” என்று கூறிக் காகிதங்களை மடித்துக்கொண்டார்.

தங்கவயல் குடும்பங்கள் குறிப்பாக அறிய வேண்டிய செய்தி ஒன்று மிஞ்சி நிற்கிறது. 2001 பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்ட பின், நம் பிள்ளைகள் நாள்தோறும் மாரிக்குப்பம் வண்டியேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். சிலர் அங்கிருந்து கடல் கடந்தும் செல்கின்றனர். விமான நிலையமோ 2008 முதல் நகருக்கு வடக்கே தேவனஹள்ளியில் உள்ளது. நம் பயணத்தின் முதல் வண்டி பாசஞ்சர் வண்டியே. அவ்வண்டி நடுவழியில் நின்று விமானம் தவறினால், நாம் பார்த்த காகிதங்களில் அதற்கு இடமில்லை. அவற்றில் ‘இணைப்பு’ என்றால் விமானத்திற்கும் விமானத்திற்கும் உள்ள இணைப்பே. எனவே எம் காலனியில் அதிகாலை விமானம் ஏற வேண்டியவர்கள், முந்தின நாள் மாலையே கட்டுச்சோற்றுடன் புறப்பட்டு, பெங்களூரில் உறவினர் வீட்டில் இராத் தங்கி, விடியுமுன் பஸ் பிடித்து விமான நிலையம் சேர்கின்றனர்.