வாலை உதறிய கிருமி

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், ஸ்நேக் ஆற்றையொட்டி ஹேகர்மன் பள்ளத்தாக்கு இருக்கிறது. வருடம் முழுக்க ஏறத்தாழ 15 டிகிரி செல்சியஸில் ஊற்றுநீர் கொட்டும் இடம். ட்ரவுட் மீன் வளர்க்க அத்தனை தோது. 1950களில் அங்கே பண்ணை மீன்கள் வாய் செக்கச்செவேலென்று சிவந்து, விழி பிதுங்கி, உடல் கறுத்துச் செத்தன. அவற்றிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாவுக்கு 1978இல்தான் முறையாகப் பெயர் வைத்தார்கள்: எர்சீனியா ரக்கரி. ராபர்ட் ரக்கர் என்ற மீன்நோய் ஆய்வாளரின் பெயர் அது. பிளேக் கிருமியும் இதே பேரினம்தான்; ஆனால் இது வம்பு வளர்ப்பது மீன்களிடம்.

நோயிலிருந்து தேறிய மீன் பார்வைக்குக் கொழுகொழுவென்று இருக்கும். அதன் குடலில் கிருமி பதுங்கியிருக்கும். அந்த மீனை விலைகொடுத்து வாங்குகிற பண்ணை, நோயையும் சேர்த்தே வாங்குகிறது. 1980களில் ஐரோப்பாவிலும் வாய் சிவந்த மீன்கள் மிதந்தன. தூண்டிலிரைக்கு இறக்குமதியான அமெரிக்கச் சிறுமீன்களோடு கிருமி பிரான்சுக்குள் நுழைந்திருக்கலாம் என்று சந்தேகம்.

அதற்குள் தடுப்பு மருந்தும் வந்துவிட்டிருந்தது. 1976இல் அமெரிக்காவில் உரிமம் பெற்ற அது, மீன்களுக்கென விற்பனைக்கு வந்த முதல் தடுப்பு மருந்துகளில் ஒன்று. கொல்லப்பட்ட கிருமிகள் கலந்த நீரில் குஞ்சுகளைச் சில நொடிகள் முக்கி எடுத்தால் போதும். பல ஆண்டுகள் பண்ணையாளர்கள் நிம்மதியாக இருந்தார்கள்.

பிறகு பிரிட்டனில் ஒரு புதுவகை தட்டுப்பட்டது. நீந்த உதவும், வால் போன்ற கசையிழைகள் அதற்கு இல்லை. கொழுப்பைச் சிதைக்கும் நொதியையும் வெளியே விடுவதில்லை. 'இரண்டாம் உயிர்வகை' என்றார்கள். தடுப்பு மருந்து கொடுத்த மீன்களிலேயே நோய் அடிக்கடி தலைகாட்டியது. இரண்டு குணங்கள் ஒன்றாகத் தொலைந்ததுதான் விசித்திரம். 2011இல் வெளியான ஆய்வு முடிச்சை அவிழ்த்தது: கசையிழைக்கான புரதங்களோடு அந்த நொதியையும் செல்லுக்கு வெளியே தள்ளும் குழாய் போன்ற அமைப்பு ஒன்று உண்டு, அது பழுதானால் இரண்டும் போய்விடும். அந்தப் பழுது ஒரே மரபணுவில், ஒரே இடத்தில் நிகழவில்லை. மூன்று மரபணுக்களில், நான்கு வெவ்வேறு சடுதிமாற்றங்கள். ஆக, குறைந்தது நான்கு முறை, தனித்தனியாக, இந்தக் கிருமி வாலை இழந்திருக்கிறது.

புது நோய் என்றதும் எல்லைக் கதவைச் சாத்தத் தோன்றுவது இயல்பு. இங்கே அது பாதிதான் உதவும். பிரிட்டிஷ் வகையும் அமெரிக்க வகையும் ஒரே சடுதிமாற்றத்தைச் சுமந்தன. எனவே அந்தக் கிளை அட்லாண்டிக்கைத் தாண்டியிருக்க வேண்டும். மற்றவை தனித்தனியே தோன்றியவை. எல்லையில் எத்தனை கெடுபிடி செய்தாலும், தடுப்பு மருந்து பெற்ற மீன்கள் நெருக்கியடித்து வாழும் தொட்டிக்குள்ளேயே அடுத்த வகை முளைக்கலாம்.

இப்போது வரும் சில தடுப்பு மருந்துகளில் வாலில்லா வகையையும் சேர்க்கிறார்கள். நார்வேயின் சால்மன் பண்ணைகளிலோ சங்கதியே வேறு. அங்கே முக்கியமாகத் தொல்லை தருவது, உலகெங்கும் ட்ரவுட்டோடு பரவிய கிளை அல்ல, மரபணு அளவில் தனித்து நிற்கும் இன்னொரு கிளை.