கொம்பு காட்டிக்கொடுத்த காடு

2002 ஜூனில் சிங்கப்பூருக்கு வந்த ஒரு கன்டெய்னரில் கற்சிலைகள் இருப்பதாகச் சரக்குச் சீட்டு சொன்னது. திறந்தால் ஆறரை டன் யானைத் தந்தம்! 532 கொம்புகள்; அவற்றோடு, ஜப்பானியர் கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் முத்திரைக்காகக் கடைந்து வைத்த சிறு உருளைகள் 42,000க்கு மேல். தந்தத்தின் பன்னாட்டு வணிகத்துக்கு 1989இல் தடை விழுந்தபின் அதுவரை இவ்வளவு பெரிய சரக்கு சிக்கியதில்லை.

மலாவியில் கிளம்பி டர்பனில் கப்பலேறிய சரக்கு என்பது தெரிந்துவிட்டது. யானைகள் செத்தது எந்தக் காட்டில்? பல நாட்டுத் தந்தம் கலந்திருக்கும் என்பதே அதிகாரிகளின் ஊகம்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் வாஸரிடம் வேறொரு வழி இருந்தது. யானை லத்தியின் மேற்பரப்பில் குடல் செல்கள் ஒட்டியிருக்கும். ஆப்பிரிக்காவின் பல பகுதிகளிலிருந்து லத்தி சேகரித்து, எந்த வட்டாரத்து யானைக்கு எப்படிப்பட்ட டி.என்.ஏ. என்று அவர் குழு வரைபடமே போட்டிருந்தது. கொம்பிலிருந்து டி.என்.ஏ. எடுப்பதுதான் பெரும்பாடு, அரைக்கும் சூட்டிலேயே அது சிதைந்துபோகும். அதனால் திரவ நைட்ரஜனில் உறையவைத்துப் பொடியாக்கினார்கள்.

விடை அதிகாரிகளின் ஊகத்தைப் புரட்டிப்போட்டது. எல்லாமே சாம்பியாவை மையமாகக் கொண்ட ஒரு குறுகிய பரப்பின் புல்வெளி யானைகள். கையிருப்புத் தந்தத்தை விற்க அதே 2002இல் அனுமதி கேட்ட சாம்பியா, பத்தாண்டில் வேட்டைக்குப் பலியானவை 135 யானைகளே என்று கணக்குக் காட்டியிருந்தது. அந்த ஒரு சரக்குக்கே குறைந்தது 3,000 யானைகள் செத்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

அடுத்த திருப்பம் சிக்கனத்தில் பிறந்தது. பிடிபடும் சரக்குகளின் எல்லாக் கொம்பையும் சோதிக்கக் கட்டுப்படியாகாது. ஆகவே அடிப்பக்கத்தின் பருமன், நிறம், ஈறு பதிந்த கோடு ஆகியவற்றைப் பார்த்து ஜோடி சேர்ப்பார்கள். ஜோடிக்கு ஒன்றை மட்டும் எடுப்பார்கள். அப்போதுதான் தெரிந்தது, பாதிக்கு மேற்பட்ட கொம்புகளுக்கு ஜோடியே இல்லை! காணாமல்போன ஜோடிகள் சில, வேறு சரக்குகளில் அகப்பட்டன. இரு சரக்குக்கும் ஒரே துறைமுகம், சில மாத இடைவெளி. அனுப்பிய கும்பலும் ஒன்றாகவே இருக்கவேண்டும். இப்படிக் கோத்துக்கோத்து, மொம்பாசா, என்டெபே, லோமே ஆகிய ஆப்பிரிக்க ஊர்களை மையமாகக் கொண்ட மூன்று பெரிய கும்பல்களை 2018இல் வாஸர் குழு அடையாளம் காட்டியது.

சட்டம் இந்த வேகத்தில் ஓடவில்லை. டோகோவின் லோமேயில் 2013இல் சுமார் 700 கிலோ தந்தத்தோடு பிடிபட்ட வியாபாரிக்குக் கிடைத்த தண்டனை 15 மாதச் சிறை.