அடி வாங்கக் கற்றுக்கொடுத்த வகுப்பு

1951. கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. ராணுவத்தில் சேரச் சொல்லி வந்த உத்தரவுக்கு அடிபணிய மறுத்தார் ஒஹாயோவைச் சேர்ந்த ஜேம்ஸ் லாசன் என்ற கறுப்பின இளைஞர். மெதடிஸ்ட் போதகரின் மகன். சபை ஊழியத்தைக் காரணம் காட்டி விலக்கு வாங்கியிருக்கலாம், அதையும் வேண்டாமென்றார். ஓராண்டுக்கும் மேல் சிறையில் கழித்துவிட்டு வெளியே வந்தவரை அவருடைய சபை அனுப்பிவைத்த ஊர், காந்தியின் சேவாகிராமத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரியில் விளையாட்டுப் பயிற்சியாளர் வேலை. மற்ற நேரமெல்லாம் சத்தியாகிரகத்தைப் பற்றிய படிப்பு. 1955 டிசம்பரில் ஒருநாள் உள்ளூர்ப் பத்திரிகையைப் பிரித்தவர், துள்ளிக் குதித்துக் கைதட்டினார். அமெரிக்காவின் மாண்ட்கோமரியில் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணிக்கத் தொடங்கியிருந்தார்கள். தலைமை தாங்கியவர் மார்ட்டின் லூதர் கிங்.

1957 பிப்ரவரியில் ஓபர்லின் கல்லூரியில் இருவரும் சந்தித்தார்கள். படிப்பை முடித்துவிட்டுத் தெற்கே வர நினைத்திருந்தார் லாசன். காத்திருக்காதீர்கள், இப்போதே வாருங்கள் என்றார் கிங். ஓபர்லின் படிப்பு பாதியில் நின்றது.

நாஷ்வில் நகரில், கிளார்க் மெமோரியல் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் லாசனின் அகிம்சை வகுப்பு தொடங்கியது. முதலில் வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வேதாகமம், காந்தி, தோரோ என்று போன பாடம், 1959 இலையுதிர் காலத்துச் செவ்வாய்க்கிழமை இரவுகளில் வேறு வடிவம் எடுத்தது. மடக்கு நாற்காலிகள் உணவகமாயின. சில மாணவர்கள் அமர, மற்றவர்கள் ரவுடிகளாக மாறி வசைபாடினார்கள். முகத்தில் சிகரெட் புகை ஊதினார்கள். நாற்காலியோடு கீழே தள்ளினார்கள். விழுந்தவர் தலையையும் வயிற்றையும் காத்துச் சுருண்டுகொள்ள வேண்டும். அடிப்பவரின் கண்ணை நேராகப் பார்க்க வேண்டும். அகிம்சை, நெஞ்சில் இருந்தால் மட்டும் போதாது, உடம்புக்கும் பழக வேண்டும் என்பதைக் கண்டுகொண்டதுதான் லாசனின் மேதைமை. ஆனாலும் ஃபிஸ்க் பல்கலைக்கழக மாணவி டயான் நாஷுக்கு இது பலிக்குமென்ற நம்பிக்கையே இல்லை. வேறு யாரும் எதுவும் செய்யாததால்தான் தொடர்ந்து வந்தார்.

நவம்பரிலும் டிசம்பரிலும் ஒத்திகை பார்த்தார்கள். வெள்ளையருக்கு மட்டுமே பரிமாறிய கடை உணவகங்களில் உட்கார்ந்தார்கள், சாப்பாடு மறுக்கப்பட்டது, எழுந்து வந்தார்கள். அடுத்த அடி வைப்பதற்குள், 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோவில் நான்கு மாணவர்கள் முந்திக்கொண்டு உணவகத்தில் அமர்ந்துவிட்டார்கள்!

அதுவே உந்துதலாயிற்று. பிப்ரவரி 13, பனி கொட்டிய சனிக்கிழமை, நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் நாஷ்வில் கடைகளுக்குள் நுழைந்தார்கள். இரண்டே வாரத்தில் நிஜ ரவுடிகள் வந்தார்கள். அடித்தவர்களை விட்டுவிட்டு, அடி வாங்கிய மாணவர்களைக் கைது செய்தது போலீஸ். யாரும் திருப்பி அடிக்கவில்லை. நாஷ்வில்லில் லாசன் படித்துக்கொண்டிருந்த வான்டர்பில்ட் பல்கலைக்கழகம் அவரை வெளியேற்றியது. ஏப்ரல் 19 விடியலில், மாணவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் லூபியின் வீட்டில் குண்டு வெடித்தது.

அன்றே ஆயிரக்கணக்கானோர் மௌனமாக நடந்து நகர்மன்றத்தை அடைந்தார்கள். நிறத்தைப் பார்த்து ஒதுக்குவது சரியா என்று மேயரை நேருக்கு நேர் கேட்டது, நம்பிக்கையில்லாமல் வகுப்புக்கு வந்த அதே டயான் நாஷ். சரியல்ல என்றார் மேயர் பென் வெஸ்ட். மே 10 அன்று கறுப்பின மக்களுக்கு அந்த உணவகங்களில் சாப்பாடு பரிமாறப்பட்டது.

இன்று தேவாலயங்கள் நடத்தும் அமைதிப் பயிற்சிகளில் பாதிப் பேர் தாக்குபவராகவும் பாதிப் பேர் தாங்குபவராகவும் நடிப்பது சர்வசாதாரணம். அதன் வலிமையை உலகறியச் செய்தது அந்தக் கீழ்த்தளம்தான். அங்கே படித்த ஜான் லூயிஸ் பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரானார். பெர்னார்ட் லஃபாயெட் அதே பயிற்சியைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனார். லாசனை வெளியேற்றிய வான்டர்பில்ட் 2006-இல் அவரை வருகைதரு பேராசிரியராக அழைத்துக்கொண்டது. அகிம்சை இயக்கங்களை ஆராய அங்கே இப்போது அவர் பெயரிலேயே ஒரு நிறுவனம் இயங்குகிறது.