'த' முக்காலான கதை

யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா 1907-ல் பிழைப்புத் தேடி மலாயாவுக்கு வந்தார். மலாயா அலுவலகங்களில் அப்போது ஆங்கிலத் தட்டச்சுப்பொறிகள் கடகடத்துக்கொண்டிருந்தன. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, தமிழுக்கோ 247. எழுத்துக்கு ஒரு விசை என்று வைத்தால் பொறி மேசையை அடைத்துக்கொள்ளும். தமிழில் தட்டச்சு நடக்காத காரியம் என்றுதான் தோன்றியது. முத்தையா அப்படி விட்டுவிடவில்லை. எழுத்துகளை உடைக்கத் தொடங்கினார்.

உயிர்மெய்கள் துண்டு துண்டாயின. காலுக்கு ஒரு விசை, கொம்புக்கு ஒரு விசை. மெய்யின் தலையில் வைக்கும் புள்ளிதான் மல்லுக்கு நின்றது. ஒவ்வொரு விசையை அடிக்கும்போதும் தாள் ஓர் எழுத்து தூரம் நகர்ந்துவிடும். அப்புறம் புள்ளியை எப்படித் தலைக்கு மேல் வைப்பது? அதற்கு அவர் கண்ட வழி 'நகரா விசை'. முதலில் புள்ளியை அடித்தால் தாள் அசையாது. பிறகு 'க' வந்து அந்தப் புள்ளிக்குக் கீழே உட்கார்ந்துகொள்ளும். ஜெர்மனியில் பொறி உருவானது, தமிழ் தட்டச்சுக்கு வந்தது. 'கொ' வேண்டுமென்றால் முதலில் கொம்பு, அடுத்து 'க', கடைசியில் கால். கண் பார்க்கும் வரிசையிலேயே கை அடித்தது. விரல் தொடும் விசையும் தாளில் விழும் உருவமும் ஒரே இரும்புக் கம்பியின் இரு முனைகள். அந்த ஒட்டுதல்தான் பிற்காலத்தில் பெரும் வம்பை இழுத்து வந்தது.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கும் ஆலயத்துக்கும் பல காலம் இந்த ஏற்பாடே போதுமானதாக இருந்தது. மலாக்காவின் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் திருவிழா அறிக்கை என்றால் ஸ்டென்சிலில் தட்டச்சு செய்து ரோனியோவில் உருட்டினால் முடிந்தது வேலை. ஓர் ஊரில் அடித்த 'அ' இன்னோர் ஊரிலும் 'அ'வாகவே இருந்தது. கணினி வந்தபோது அந்த நிச்சயம் போயிற்று.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று அமெரிக்கர்கள் 1963-ல் வகுத்த ஆஸ்கி அட்டவணையில் மொத்தம் 128 இடங்கள், எல்லாம் ஆங்கிலத்துக்கே. பின்னாளில் அது 256 இடமாக விரிந்தது. கூடுதலாகக் கிடைத்த 128 இடங்களில் ஐரோப்பிய மொழிகளின் கோடு போட்ட எழுத்துகளும் நாணயக் குறிகளும் குடியேறின. தமிழுக்கு ஓர் இடம்கூட மிஞ்சவில்லை. இடம் இல்லாவிட்டால் என்ன, வேஷம் போடலாமே என்று சிலருக்குத் தோன்றியது.

கணினி காப்பது எண்ணை மட்டும். திரையில் அதற்கு உருவம் வரைவது எழுத்துரு. எண்ணை அப்படியே விட்டுவிட்டு, எழுத்துருவில் ஐரோப்பிய எழுத்தின் படத்தை அழித்துத் தமிழ் எழுத்தை வரைந்து வைத்தால் கணினி ஏமாந்துபோகும். கனடாவில் சீனிவாசன் 1984-ல் 'ஆதமி' என்ற தமிழ்ச் செயலியை உருவாக்கியிருந்தார். சுவிட்சர்லாந்தின் லொசானில் இருந்த கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைச் செய்து இலவசமாகவே வழங்கினார். மலேசியாவில் 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' தொகுத்த ஆசிரியர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் 1985-ல் ஒரு மென்பொருளைக் கொண்டுவந்தார். அதற்கும் பெயர் 'முரசு'. மின்னஞ்சல் பரவிய 1990-களில் அது 'முரசு அஞ்சல்' ஆனது. எல்லாரும் தமிழுக்கே உழைத்தார்கள். ஆனால் 'க'வுக்கு எந்த எண் என்று யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒருவர் 'க' வைத்த எண்ணில் இன்னொருவர் 'ப' வைத்திருந்தார். மாசி மகத்துக்கான அழைப்பிதழை ஜாசினில் ஓர் எழுத்துருவில் அடித்து, டிஸ்கெட்டில் ஏற்றிக்கொண்டு மலாக்கா நகரத்து அச்சகத்தில் திறந்தால், அங்கே அதே எழுத்துரு இல்லாவிட்டால் அழைப்பிதழ் அலங்கோலமாகும். 'ஃபான்ட் பிரச்சினை' என்ற பேச்சு அப்போது பிறந்தது. அன்றைக்கு அது பிழையான பேச்சும் இல்லை. எந்த எண்ணில் எந்த எழுத்து என்பதை எழுத்துருவே தீர்மானித்ததால், உருவமும் எண்ணும் ஒரே உடம்பில் ஒட்டிப் பிறந்திருந்தன. பல மென்பொருள்களில் விசைப்பலகையும் அதே உடம்பின் இன்னொரு கை. மூன்றையும் பிரித்தெடுக்க ஓர் அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. அதற்கு நாள் குறித்தவர் சிங்கப்பூரில் இருந்தார்.

அவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. 1995 அக்டோபரில் சிங்கப்பூர் அதிபர் ஓங் டெங் சியோங் நான்கு மொழிக் கவிதைகள் கொண்ட இணையத்தளத்தைத் தொடங்கிவைத்தபோது, அதில் தமிழை ஏற்றியிருந்தவர் அவரே. 1997 மே மாதம் தமிழ்க் கணினி ஆர்வலர்களைச் சிங்கப்பூருக்கு அழைத்து மாநாடு கூட்டினார். உலகத் தமிழருக்கெல்லாம் ஒரே எண் அட்டவணை வேண்டும் என்ற பேச்சு சூடு பிடித்தது. மாநாடு முடிந்த பிறகும் விவாதம் மின்னஞ்சலில் தொடர்ந்தது. கல்யாணசுந்தரம், முத்து நெடுமாறன், அமெரிக்காவில் இருந்த மணிவண்ணன் உள்ளிட்டோர் நாடு விட்டு நாடு வாதாடி 'திஸ்கி' என்ற பொது அட்டவணையை வடித்தார்கள். 'அ'வுக்கு 171, 'த'வுக்கு 190 என்று இலக்கம் விழுந்தது. இனிக் குழப்பம் தீர்ந்தது என்று மூச்சு விடும் நேரத்தில் 'இ' காணாமல் போனது.

'இ'க்குக் கொடுத்த இலக்கம் 173. ஐரோப்பிய அட்டவணையில் அந்த இடம், வரி மடியும்போது மட்டும் தலைகாட்டும் மென் இணைகோட்டுக்கு உரியது. வரி நடுவில் அது மறைந்தே இருக்க வேண்டும் என்பது மென்பொருள்களுக்கு விதி. தமிழன் அங்கே 'இ'யை வைத்திருப்பது அவற்றுக்கு எப்படித் தெரியும்? சில மென்பொருள்கள் 'இ'யை மென் இணைகோடாகவே நினைத்து விழுங்கின. கடைசியில் 'இ'க்கு 254-இலும் ஓர் இடம் தர வேண்டியதாயிற்று. வேஷம் எவ்வளவு பொருந்தினாலும் இலக்கம் இன்னொருவருடையது என்பதை அந்த ஓர் எழுத்து அம்பலப்படுத்தியது. எழுத்துருவே இல்லாத கணினியில் அவமானம் இன்னும் பெரிது. 'தமிழ்' என்று அடித்து அனுப்பிய சொல், முக்கால் என்ற பின்னக் குறி, தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, அமெரிக்கச் சென்ட் குறி, கோடு போட்ட யூ என்று நான்கு அந்நியர்களாகப் போய் இறங்கியது. 'த' முக்காலாகிவிட்டது. எல்லாரும் 1999-ல் சென்னை மாநாட்டைப் பார்த்துக் காத்திருந்தார்கள்.

பிப்ரவரியில் கூடிய அந்த மாநாடு ஒரே அட்டவணையைத் தரும் என்று எதிர்பார்த்தால், 'டாம்', 'டாப்' என்று புதிதாக இரண்டைத் தந்தது. ஏற்கெனவே திஸ்கி இருந்தது. ஆளுக்கொரு சொந்த எழுத்துருவும் இருந்தது. நா. கோவிந்தசாமி அதே ஆண்டு மறைந்தார். ஒரே தரம் என்ற கனவு கலைந்தது போலிருந்தது. ஆனால் அந்த மாநாட்டில் பிறந்த இன்னொரு பிள்ளையை யாரும் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. அது 'தமிழ் 99' விசைப்பலகை. இடது கைக்கு உயிர், வலது கைக்கு மெய். 'க'வையும் 'ஒ'வையும் அடுத்தடுத்துத் தட்டினால் 'கொ' தானாகச் சேரும். உள்ளே திஸ்கி எண் பதிகிறதா, டாப் எண் பதிகிறதா என்று விரலுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஒட்டிப் பிறந்த மூன்றில் ஒன்று சத்தமில்லாமல் கழன்றுகொண்டது. மற்ற இரண்டையும் பிரிக்கும் கத்தி, பலரும் சந்தேகத்தோடு பார்த்த ஓர் இடத்தில் இருந்தது.

உலக மொழிகளுக்கெல்லாம் ஒரே அட்டவணை என்று 1991-ல் வந்த யூனிகோடில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. முதன்முறையாகச் சொந்த இலக்கம்: 'அ'வுக்கு 2949, 'த'வுக்கு 2980. ஆனால் வைத்திருந்த முறையைப் பார்த்துத் தமிழர்கள் முகம் சுளித்தார்கள். இந்திய அரசின் 'இஸ்கி' அட்டவணையை ஒட்டிப் போட்டதால் மெய்யெழுத்துக்குத் தனி எண் இல்லை. 'ழ்' என்றால் 'ழ'வும் புள்ளியும். படிப்பவருக்கு மூன்றெழுத்தாக இருக்கும் 'தமிழ்', யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்தாக எண்ணப்பட்டது. 'கொ'விலோ முத்தையா காலத்து வரிசை தலைகீழானது. முதலில் 'க' பதிய வேண்டும், ஒகரக் குறி பின்னால் வர வேண்டும். கொம்பை முன்னும் காலைப் பின்னும் இழுத்து வைப்பது திரையில் வரைபவன் பாடு. அன்றைய கணினிகளுக்கு அந்த வித்தை தெரியாது. யூனிகோடு தமிழுக்கு ஆகாது என்று கைகழுவியவர்கள் ஏராளம். 2000-ல் காற்று திசை மாறியது.

அவ்வாண்டு வெளிவந்த விண்டோஸ் 2000, 'லதா' என்ற எழுத்துருவோடு தமிழை வரையவும் கற்றுக்கொண்டு வந்தது. உள்ளே 'க', அதன் பின் குறி. வெளியே கொம்பு, 'க', கால். சேமிப்பது ஒன்று, காட்டுவது ஒன்று என்ற பிரிவினை நடந்து முடிந்தது. எழுத்துருவை மாற்றினால் அழகு மட்டும் மாறியது, சொல் சிதையவில்லை. 2005-ல் ஆப்பிள் கணினியில் முத்து நெடுமாறனின் 'இணைமதி' எழுத்துரு ஏறியது. அதே ஆண்டுப் பொங்கலுக்கு, தமிழ் என்ற மொழி இருப்பதையே அறியாத கைப்பேசிகளுக்கு அவருடைய 'செல்லினம்' வந்தது. 2010-ல் தமிழக அரசும் யூனிகோடைத் தரமாக ஏற்றது. 2013-ல் ஐபோனின் ஏழாம் இயங்குதளம் வெளியானபோது, அதன் விசைப்பலகைப் பட்டியலுக்குள் இரண்டு பெயர்கள் வந்து உட்கார்ந்திருந்தன.

'தமிழ் 99' ஒன்று, 'அஞ்சல்' மற்றொன்று. சென்னை மாநாடு பெற்ற பிள்ளையும் மலேசியாவில் வளர்ந்த பிள்ளையும் பக்கத்துப் பக்கத்தில். ஆப்பிள் கருவிகளில் உள்ள 'தமிழ் சங்கம் எம்என்' எழுத்துருப் பெயரின் கடைசி இரண்டு எழுத்தும் முத்து நெடுமாறனின் முதலெழுத்துகள். மலாக்காவின் புக்கிட் ஆசகானில் இருந்து செங் வட்டாரத்துக்குப் புலனத்தில் பறக்கும் ஒரு திருவிழாச் செய்தியில் இன்று மூன்றும் தனித்தனியே வேலை செய்கின்றன: அடிப்பது அஞ்சல், போய்ச் சேர்வது 2980 முதலான எண்கள், அங்கே வரைவது அந்தக் கைப்பேசியில் உள்ள ஏதோ ஓர் எழுத்துரு. எழுத்துரு வேறானாலும் 'த' 'த'வாகவே போய் இறங்குகிறது.

பேச்சு மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. 1998-ல் அடித்த ஆண்டுமலர் கோப்பைத் திறந்து முக்கால் குறியும் சென்ட் குறியும் வந்தால், ஆலய அலுவலகத்தில் இன்றும் 'ஃபான்ட் பிரச்சினை' என்றுதான் சொல்கிறார்கள். புதுப் புது எழுத்துருக்களை இறக்கிப் பார்க்கிறார்கள். எத்தனை யூனிகோடு எழுத்துருவை இறக்கினாலும் அந்தக் கோப்பு தெளியாது. அதற்குள் இருப்பது 190, வேண்டியதோ 2980. முன்னதைப் பின்னதாக மாற்றித் தரும் ஓர் எழுத்து மாற்றியில் போட்டால், ஆண்டுமலர் அரை நிமிடத்தில் தமிழ் பேசும்.