குறவஞ்சியும் கோள்முறையும்: தமிழ்க் கிறித்தவ அற்புதப் புனைவும் இளம் வாசகரும்

கிறித்தவச் சமய உணர்வில் வேரூன்றிய அற்புதப் புனைகதைகளையும் அறிவியல் புனைகதைகளையும் வளரிளம் பருவத்தினர் இனியும் விரும்பிப் படிப்பார்களா என்னும் வினா ஆங்கில நூலுலகில் எழுப்பப்பட்டு வருகின்றது. அவ்வினாவுக்குப் பின்னணியாக அங்கு நெடிய மரபொன்று உண்டு. 1678-இல் வெளிவந்த ஜான் பனியனின் பயண உருவகம், 1938 முதல் 1945 வரை சி. எஸ். லூயிஸ் வெளியிட்ட மூன்று விண்வெளிப் புதினங்கள், 1950 முதல் 1956 வரை ஆண்டுக்கு ஒன்றாக வந்த அவருடைய ஏழு நார்னியா கதைகள் ஆகியன அம்மரபின் முதன்மையான படிகள். இத்தகைய எழுத்து தமிழில் இல்லை, ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தே கொணர வேண்டும் என்று கருதுவோர் உளர். வரலாறு இக்கருத்துக்கு இடம் தரவில்லை. லூயிசுக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னரே, சமயமும் வானியலும் கற்பனையும் ஒருங்கிணைந்த நூலொன்று தஞ்சாவூரில் தோன்றிவிட்டது.

அந்நூல் வேதநாயக சாஸ்திரியார் 1800-இல் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி. (இவர் பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் வேறானவர், பெயரொற்றுமையால் மாணவர் இருவரையும் குழப்பிக்கொள்வதுண்டு.) 1774-இல் திருநெல்வேலியில் பிறந்த சாஸ்திரியார், சிறு வயதிலேயே ஜெர்மானியப் போதகர் சுவார்ட்சுடன் தஞ்சைக்கு வந்தார். தரங்கம்பாடியிலும் பயின்றார். இருபது வயதளவில் தஞ்சை மிஷன் பள்ளியின் தலைமையாசிரியரானார். இளைஞரை நாள்தோறும் எதிர்கொண்ட ஆசிரியர் ஒருவரின் படைப்பு இது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

குறவஞ்சி அக்காலத்தில் மக்கள் நன்கறிந்த வடிவம். தலைவன் உலா வருவான், தலைவி காதலுறுவாள், குறத்தி வந்து தன் மலைவளமும் நாட்டுவளமும் கூறிக் குறி சொல்வாள், குறத்தியைத் தேடிச் சிங்கன் வருவான். சாஸ்திரியார் இவ்வமைப்பில் எதனையும் நீக்கவில்லை. உலா வருபவர் கிறிஸ்து, காதலுறுபவள் திருச்சபை, குறி சொல்பவள் விசுவாசம் என்னும் குறத்தி. சிங்கனின் பறவை வேட்டை ஆன்மாக்களைச் சேர்க்கும் பணியாகின்றது. உருவகம் என்ற அளவில் இதனைப் பனியனுக்கு இணையாக வைக்கலாம். ஆயினும் நூலின் தனிச்சிறப்பு உருவகத்தோடு முடிந்துவிடவில்லை. ஊர்களையும் மலைகளையும் அடுக்கிப் பாடும் குறவஞ்சி மரபு இங்கே உலகப் புவியியலைப் பாடுகின்றது. கோப்பர்னிக்கஸ் வகுத்த சூரிய மையக் கோள்முறையும் பாட்டில் இடம் பெறுகின்றது. புவியே நடுவென்று பஞ்சாங்கங்கள் கணித்த காலத்தில், புவி சுழல்கின்றது என்ற செய்தியைத் தமிழ் இளைஞர் சிலர் குறத்தியின் பாட்டுடன் சேர்த்தே கேட்டிருப்பர்.

இது தனியொருவரின் விந்தை முயற்சியும் அன்று. சுவார்ட்சின் அரவணைப்பில் வளர்ந்த மற்றொருவர் இரண்டாம் சரபோஜி மன்னர். அவர் பெயரில் வழங்கும் தேவேந்திரக் குறவஞ்சி என்னும் மராத்தி நாடகமும் குறத்தியின் வாயிலாக உலக நாடுகளின் புவியியலைக் கூறுகின்றது. ஒரே ஆசானிடம் வளர்ந்த இருவர், இரு மொழிகளில், ஒரே நாட்டார் வடிவத்தைப் புத்தறிவுக்குக் கலமாகக் கொண்டனர். சாஸ்திரியார் பின்னர் ஞானத்தச்ச நாடகத்தில் நோவாவின் பேழையைப் பொருளாக்கினார். விவிலியத்தின் பெருவெள்ளக் கதை அங்கே தச்சுத்தொழிலோடும் கைகோத்துக்கொள்கின்றது.

இவ்விணைப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் 1823-இல் நிறுவப்பெற்ற வட்டுக்கோட்டைக் குருமடம் வானியலைச் சிறப்பாகக் கற்பித்தது. ஆனால் அங்கு வானியல் வாதத்திற்குரிய கருவியாயிற்று. 1829-ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தைக் குறித்து உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணிப்பு பிழையென டேனியல் பூவர் காட்டிய நிகழ்ச்சி இதற்குச் சான்று. வாதத்தில் வென்ற அறிவியல் பாடநூலுக்குள் சென்றது. கதையும் பாட்டும் அதனைக் கைவிட்டன. இது பேரிழப்பு என்பதே இக்கட்டுரையாளரின் துணிபு.

மறுபுறம் உருவகம் தன் வழியே சென்றது. பனியனின் நூல் 1793-இலேயே வேப்பேரி அச்சகத்தின் வழித் தமிழுக்கு வந்திருந்தது. அதனைக் காப்பியமாக்கியவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827-1900). அவருடைய இரட்சணிய யாத்திரிகம் நற்போதகம் என்னும் மாத இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வெளிவந்து, 1894-இல் நூலாயிற்று. ஆதி பருவம் முதல் இரட்சணிய பருவம் ஈறாக ஐந்து பருவங்களைக் கொண்ட இதில் கம்பனின் நடைவீச்சும் தேவாரத்தின் உருக்கமும் கலந்துள்ளன. அடுத்த திங்கள் இதழில் பயணி எங்கே சிக்குவான் என்று காத்திருந்த வாசகரை எண்ணிப் பார்த்தால், பிற்காலத் தொடர்கதை வாசகரின் முன்னோரை அங்கே காணலாம். ஆனால் இன்று பதினைந்து வயது மாணவர் உரையின் துணையின்றி அவ்விருத்தங்களுக்குள் நுழைதல் அரிது. பாடத்திட்டத்தில் சில செய்யுள்களாக அறிமுகமாகும் காப்பியம், தேர்வோடு மறக்கப்படுகின்றது.

இருபதாம் நூற்றாண்டில் இளையோரின் வியப்புணர்வுக்கு உணவளித்தவை வேறு. 1947-இல் தொடங்கிய அம்புலிமாமா மாயக்கதைகளை அளித்தது. 1980-களில் சுஜாதாவின் என் இனிய இயந்திரா போன்ற தொடர்கள் இயந்திர நாயையும் எதிர்கால அரசையும் வீடுதோறும் கொண்டு சேர்த்தன. இவற்றுக்கு ஈடாகக் கிறித்தவப் பதிப்புலகிலிருந்து புனைகதை எழவில்லை. சீர்திருத்தக் கதைகளும் சான்றோர் வரலாறுகளும் பெருகின. கதையின் முடிவு முதற்பக்கத்திலேயே தெரிந்துவிடும் நூலை இளையோர் பாதியில் மூடிவிடுவதில் வியப்பில்லை.

தமிழகத்திற்கு வெளியே இச்சிக்கல் மேலும் கூர்மையாகின்றது. ஐதராபாத்தின் பாலாநகரில் இந்திய மருந்து நிறுவனத்தின் செயற்கை மருந்து ஆலையும் பிற தொழிற்கூடங்களும் எழுந்தபோது பல மாநிலத்தாரும் அங்குப் பணிக்கு வந்தனர். அத்தகைய இடங்களில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் தெலுங்கும் பயில்கின்றனர். தமிழ் அவர்களுக்குப் பெரும்பாலும் செவிவழி மொழி. கிறித்தவக் குடும்பங்களில் அது வீட்டுப் பேச்சாகவும் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டாகவும் எஞ்சுகின்றது. நார்னியாவை ஆங்கிலத்திலேயே படிக்க வல்ல பிள்ளைக்கு அதன் தமிழ்ப் பெயர்ப்பு தேவைப்படாது. அச்சைக் காட்டிலும் பாட்டை எளிதில் பற்றிக்கொள்ளும் அப்பிள்ளைக்கு, பாடி நடிப்பதற்கென்றே அமைந்த பெத்லகேம் குறவஞ்சி எட்டாத நூலன்று. சொற்பொருளும் இசைக்குறிப்பும் சேர்த்து, கோள்முறைப் பகுதிக்குச் சாஸ்திரியார் காலத்து அறிவையும் இன்றைய அறிவையும் ஒப்பிட்டுக் காட்டும் படங்களும் இணைத்து ஒரு மாணவர் பதிப்பு உருவாக வேண்டும். 1800-இல் அறியப்பட்டிருந்த கோள்களுள் தொலைவிலிருந்தது 1781-இல் ஹெர்ஷல் கண்டறிந்த யுரேனஸ். நெப்டியூன் அறியப்பட்டது 1846-இல். அப்பகுதியை இன்று தொடர்ந்து பாட முற்படும் மாணவர், தாமே புதிய அடிகளை இயற்றிச் சேர்க்க நேரும்.