உலகமயமாதலும் பெண்ணுழைப்பும்: பெங்களூர் ஆடைத்தொழிலை முன்வைத்து

உலகமயமாதல் பெண்களை வீட்டுக்கு வெளியே கூலி உழைப்பாளராக்கியது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அக்கூலி எத்தனை ஆண்டுகளுக்கு, அதன்பின் எஞ்சுவது யாது என்னும் வினா அந்த அளவுக்கு எழுப்பப்படுவதில்லை. 2016 ஏப்ரலில் பெங்களூரில் நிகழ்ந்த ஆடைத் தொழிலாளர் கிளர்ச்சி இவ்வகையில் நோக்கத்தக்கது.

ஆடை ஏற்றுமதிக்கு 1974 முதல் நாடுவாரியாக இருந்த ஒதுக்கீட்டு முறை, 1995இல் உலக வர்த்தக அமைப்பு தோன்றியபின் படிப்படியாகத் தளர்த்தப்பட்டு, 2004 டிசம்பருடன் முடிவுற்றது. மலிவான உழைப்பு கிடைக்கும் இடத்தை நாடிச்செல்ல வெளிநாட்டு வணிகர்க்கு இருந்த தடை நீங்கிற்று. பெங்களூர் ஆலைகளில் தையல் இயந்திரங்களின் முன் அமர்ந்தோர் பெரும்பாலும் பெண்கள். வேளாண்மையில் வருவாய் குன்றிய சிற்றூர்களிலிருந்து வந்தோர் பலர். பின்னர் ஒடிசா, ஜார்க்கண்ட் மாநில இளம்பெண்களும் பயிற்சித் திட்டங்களின் வழியே ஆலை விடுதிகளுக்கு வந்து சேர்ந்தனர்.

வருங்கால வைப்புநிதியில் முதலாளி செலுத்தும் பங்கைத் தொழிலாளி 58 வயதுவரை எடுக்கவியலாது என 2016 பிப்ரவரியில் நடுவண் அரசு அறிவித்தது. அதற்கு முன்னர், வேலையின்றி இரண்டு மாதம் கழிந்தால் முழுத்தொகையும் பெறலாம். ஏப்ரல் 18, 19 ஆகிய நாட்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் தெருவில் இறங்கினர். ஓசூர்ச் சாலையும் துமகூர்ச் சாலையும் மறிக்கப்பட்டன. பெருந்தொழிற்சங்கம் எதுவும் அழைப்பு விடுக்கவில்லை. தடியடி நடந்தது; பேருந்துகள் எரிந்தன. 19ஆம் நாளே அரசு அறிவிக்கையைத் திரும்பப் பெற்றது.

முதலாளி செலுத்தும் 12 விழுக்காட்டிலும் பெரும்பகுதி ஓய்வூதியக் கணக்கிற்குச் சென்றுவிடும். எஞ்சும் சிறுதொகைக்காக இத்துணைச் சினம் ஏன்? 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் ஐந்தாண்டுத் தொடர்பணியைக் கோரியது. திருமணம், மகப்பேறு, ஆலை இடமாற்றம் எனப் பெண்ணின் பணி இடையிடையே அறுபட்டது. ஆகவே வேலையை விடும்போது அவள் கைக்கு வரக்கூடிய மொத்தத் தொகை வைப்புநிதி ஒன்றே. பிள்ளையின் கல்விக் கட்டணமும் அடகு நகையின் மீட்பும் அதை நம்பியிருந்தன. முதுமைக்கான சேமிப்பைக் காப்பதே நோக்கம் என்ற அரசின் விளக்கம் பொய்யென்று தள்ளத்தக்கதன்று. ஆனால் 58 வயது என்னும் எல்லை, முதுமைவரை இடையறாது பணியாற்றும் ஆண் தொழிலாளியை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டதாகவே தோன்றுகிறது. நாற்பதைக் கடக்குமுன் ஆலையை விட்டு நீங்கும் பெண்ணுக்கு அது ஏறத்தாழ இருபதாண்டுக் காத்திருப்பு.